ஏணிக்காரியின் இரண்டு துள்ளல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம்தானே? நீங்கள் போனை எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் இந்தப் பார்சலும் கடிதமும். கடிதத்தைப் பிரிக்காமல் எறிய அக்காவுக்கு மனசு வராது என்று உங்கள் தம்பி சொன்னார்.

பார்சலில் இருப்பது 'ஏணிக்காரி' இரண்டாம் பாகம். போன வாரம் வெளியானது. பழைய காலத்து வீடியோ கேம் மாதிரியே செய்திருக்கிறோம். மூன்றே உயிர், நடுவில் சேமிக்க வழியில்லை, செத்தால் ஸ்டேஜின் ஆரம்பத்திலிருந்து. தோளில் ஏணியோடு ஒருத்தி இடிந்த கோபுரத்தில் ஏறுகிறாள். ஏணியால் அடிக்கிறாள், ஏணியைச் சாய்த்துத் தாவுகிறாள். இதையெல்லாம் உங்களுக்கே நான் விளக்குவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் முதல் பாகத்தின் ஒவ்வொரு ஸ்டேஜையும் கிராஃப் தாளில் வரைந்தவரே நீங்கள்தான். அதைப் பார்த்துத்தான் அவர் புரோகிராம் எழுதினாராம்.

இந்த முறை படங்கள் நான் வரைந்தவை. உங்களிடம் சொல்லாமல் செய்தது தப்பு. "அக்காகிட்ட சொல்லணும், சொல்லணும்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும் தைரியம் வரவில்லை. நானும் தூண்டவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் பழைய முறையைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். முன் நாற்காலியில் நீங்கள் ஆடுவீர்களாம். பின் நாற்காலியில் அவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து நீங்கள் சாகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுவாராம். மூன்று கோட்டுக்குள் நீங்கள் தாண்டிவிட்டால் அந்த இடம் ரொம்ப லேசு, பத்துக்கு மேல் போனால் அநியாயம். ஒருமுறை ஆடிப் பார்த்து உங்கள் கருத்தை எழுதுங்கள். அவர் வாசலில் தபாலுக்காக நிற்கிறார். ஜோடிக்கவில்லை, நிஜமாகவே நிற்கிறார்.

அன்புடன்,
புள்ளி

(ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைவதால் அவர் எனக்கு வைத்த பெயர். பழகிவிட்டது.)


மார்ச் 15

என் தம்பியின் மனைவிக்கு,

பார்சல் வந்தது. கருத்து கேட்டாய், சொல்கிறேன். பிறகு அழக்கூடாது.

முதலில் ஒன்று. இப்படி ஒரு பாகம் வருகிறது என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? எங்கள் தையல் பட்டறையில் பட்டன் தைக்கிற அம்மா. சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டி, "கட்டிங் மாஸ்டர், இது உங்க தம்பிதானே? பக்கத்துல அவர் வீட்டுக்காரியா? ரெண்டு பேரும் சேர்ந்தே செஞ்சாங்களாமே!" என்றாள். "ஆமா, எனக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

இனி விளையாட்டு. முதல் ஸ்டேஜில் பனிமூட்டம் போட்டிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. அழகைப் பார்த்துக்கொண்டே நடந்தால் குழியில் விழ வேண்டியதுதான். நான் வரைந்த ஏணிக்காரிக்குப் பதினாறு புள்ளி உயரம், கண்ணுக்கு ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியில் அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியும். நீ வரைந்தவளுக்கு இமை, சடை, காற்றில் பறக்கிற துப்பட்டா. கோபுரத்தில் ஏறப் போகிறவள் எதற்கு அலங்காரம் செய்துகொண்டு கிளம்புகிறாள்?

இரண்டாவது ஸ்டேஜில் வௌவால்கள் பரவாயில்லை. மூன்றில் சுழலும் சக்கரங்கள், அது என் யோசனை. பழைய தாளில் ஓரமாக வரைந்து வைத்திருந்தேன், யார் எடுத்தார்கள் என்று கேட்க மாட்டேன். என் அறையை உன் வரையும் அறையாக்கியபோது அலமாரியில் இருந்ததெல்லாம் எங்கே போனது என்றும் கேட்க மாட்டேன். நாலாவது ஸ்டேஜில் உடைகிற பலகையும் காகமும். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

கஷ்டம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களாமே? எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து ஏழு ஸ்டேஜையும் முடித்துவிட்டேன். பத்துக் கோட்டுக்கு மேல் எங்கேயும் போகவில்லை. பழைய கை.

செல்லப் பெயரை எனக்கு விளக்கியதற்கு நன்றி. எனக்கு அவன் அப்படி ஒன்றும் வைத்ததில்லை. 'அக்கா'தான்.

இப்படிக்கு,
உன் கணவனின் அக்கா


மார்ச் 24

அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழவில்லை. இரண்டாவது முறை துப்பட்டாவுக்காகக் கொஞ்சம் அழுதேன். அந்தத் துப்பட்டா பறக்க எட்டுப் படம் வரைந்தேன், ஒவ்வொன்றும் அரை நாள் வேலை. அதைக் கழுத்தில் சுற்றி இழுத்த மாதிரி எழுதிவிட்டீர்கள்.

சக்கரங்கள் வரைந்திருந்த தாள் அலமாரியில் இருந்தது. "இது அக்காவோடது, பத்திரமா வை" என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். விளையாட்டு ஆரம்பிக்கும் முன் வரும் பெயர்களில் முதல் பெயர் உங்களுடையது. ஸ்டார்ட் பட்டனை அவசரமாக அமுக்கினால் அது தெரியாமலே போய்விடும்.

அவரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, மனம் நொந்துபோவார். ஒரே ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டதாக எழுதிய வரி. அதற்காக இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன். நாற்காலியில் இருந்து துள்ளிக் குதித்தார் மனிதர். "அக்கா முடிச்சுட்டா! நான் சொன்னேன்ல? விளையாட்டுல தப்பு இல்லை. ஆடுறவங்களுக்குப் பொறுமை இல்லை!" என்று வீடு முழுக்க நடந்தார்.

வாங்கி ஆடியவர்கள் எழுதும் கருத்துகளை எல்லாம் படிப்பது என் வேலை. அவர் படிக்க மாட்டார். கொஞ்சம் உங்களுக்கும் தருகிறேன், அனுபவியுங்கள்.

"முதல் பாகம் என்னைத் தோற்கடித்தது. இது என்னை அவமானப்படுத்துகிறது."

"நாலாவது ஸ்டேஜ் காகத்தை உருவாக்கியவருக்கு என்மேல் என்ன பகை? நேரில் வந்து சொல்லட்டும், தீர்த்துக்கொள்வோம்."

"படங்கள் அருமை. நின்று பார்க்க விட்டால்தானே!"

"பழைய விளையாட்டுகள் இப்படித்தான் இருக்கும். அழுகிறவர்கள் வேறு வேலை பார்க்கட்டும்." இப்படிச் சொன்னவரும் நாலாவது ஸ்டேஜைத் தாண்டியதாகச் சொல்லவில்லை.

நூறு பேரில் நாலாவது ஸ்டேஜுக்குப் பிறகு போனவர் மூன்று பேர். காகத்தைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "அக்காவால முடியுது. அப்புறம் என்ன?" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கூடவே உட்கார்ந்து ஒன்றரை வருஷம் வரைந்த என் பேச்சு எடுபடவில்லை. எங்கோ இருந்து நீங்கள் எழுதிய ஒரு வரி எடுபடுகிறது. எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

புள்ளி


ஏப்ரல் 2

தம்பி மனைவிக்கு,

எப்படி இருக்கும் என்று யோசித்தேன். மூன்று நாள் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். துணி வெட்டும்போதுகூட உதட்டில் சிரிப்பு நின்றது. பட்டன் அம்மா, "என்ன மாஸ்டர், லாட்டரியா?" என்றாள்.

பெயர் வருவதை இப்போது பார்த்தேன். முதலில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் உன் பெயரும் அவன் பெயரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் தனியாக மேலே, மரியாதையாக, மாலை போட்ட படம் மாதிரி. எனக்கு அந்த இரண்டாவது வரியில் இடம் கிடைத்திருந்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன், சரியாகப் பதில் சொல். இந்தப் பாகத்தை ஆடி அளந்தது யார்? முன் நாற்காலியில் யாரை உட்கார வைத்தான்? உன்னையா? காகம் வருகிற வேகத்தைப் பார்த்தால் உட்கார்ந்தவருக்கு மின்னல் வேகத்தில் கை வேலை செய்திருக்க வேண்டும். நீ அவ்வளவு கெட்டிக்காரியா? அப்படியானால் அதையும் சொல்லிவிடு. மொத்தமாகப் பொறாமைப்பட்டு முடித்துவிடுகிறேன். தவணை தவணையாக என்னால் முடியாது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

மொத்தமாகவே சொல்லிவிடுகிறேன். நீங்களும் மொத்தமாகவே கேளுங்கள்.

முன் நாற்காலியில் உட்கார்ந்தது நீங்கள்தான்.

அவருடைய கம்ப்யூட்டரில் 'அக்கா' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். முதல் பாகத்தை நீங்கள் ஆடியபோது எந்த நொடியில் எந்தப் பட்டனை அமுக்கினீர்கள் என்று அப்போதே சேமித்து வைத்திருக்கிறார். அதைப் போட்டால் நீங்கள் ஆடியது அப்படியே திரையில் ஓடும். ஆபத்து கண்ணில் பட்ட எத்தனை நேரத்தில் உங்கள் கை அசைந்தது என்று அதிலிருந்து கணக்குப் போட்டு, அந்த வேகத்துக்குத்தான் காகத்தையும் பலகையையும் வைத்திருக்கிறார். "என்னை வெச்சுப் பாருங்க" என்று ஒருநாள் கேட்டேன். "நீ வரையறவ. அக்காதான் அளவு" என்றார்.

காலையில் காபியோடு போனால் திரையில் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள். சாயங்காலம் காய்கறிப் பையோடு வந்தாலும் நீங்கள்தான். என் வீட்டில் இன்னொருத்தி பதினாறு புள்ளி உயரத்தில் குடியிருக்கிறாள், அவளுக்கு வயசும் ஆவதில்லை. நீங்கள் என்மேல் பொறாமைப்படுகிறீர்களாம்! சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அவர் வெளியே போனபோது நானும் அந்தப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுவிடாமல். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நீங்கள் நின்று இரண்டு முறை துள்ளிவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். அது எதற்கு என்று அவரிடம் கேட்டேன். "கதவு மூடிடும் போ போன்னு நான் பின்னாலிருந்து கத்துவேன். என்னை வெறுப்பேத்த அப்படிச் செய்வா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னிடம் அப்படி ஒரு சிரிப்பு சிரித்ததில்லை.

இப்போது இன்னொன்று. நீங்கள் விளையாட்டை முடிக்கவில்லை.

நாலு ஸ்டேஜ் பற்றி எழுதினீர்கள். ஐந்தும் ஆறும் ஏழும் எங்கே? கடைசிக் காட்சி எங்கே? அதைப் பார்த்திருந்தால் நீங்கள் எனக்கு வேறு விதமாகத்தான் கடிதம் எழுதியிருப்பீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நீங்கள் பார்க்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தில் இருந்து கடிதம் வந்துவிட்டது. இந்த மாத முடிவுக்குள் திருத்திய பதிப்பு தராவிட்டால் விற்பனையில் இருந்து எடுத்துவிடுவார்களாம். அவர் அசையவில்லை. "அக்காவால முடியுது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நீங்கள் சொன்னது பொய் என்று நானே அவரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் என்னை நம்புவாரா என்று தெரியவில்லை, நம்பினாலும் அதற்குப் பிறகு என் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்றும் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்காக வேண்டாம், அவருக்காக.

புள்ளி


ஏப்ரல் 17

புள்ளி,

முதல் தடவையாக இந்தப் பெயரை எழுதுகிறேன். வயிற்றெரிச்சலோடுதான்.

நீ சொன்னது சரி. நான் முடிக்கவில்லை. நாலாவது ஸ்டேஜைத் தாண்டவே இல்லை. உன் பார்சல் வந்த நாளில் இருந்து வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்கிறேன். நாலாவது ஸ்டேஜில் மட்டும் அறுபத்துமூன்று முறை செத்தேன். முதல் பத்து முறை உன்னைத் திட்டினேன். அப்புறம் அவனை. இருபதுக்கு மேல் போனபோது பயம் வந்தது.

இத்தனை வருஷமாகத் துணி வெட்டுகிறேன். இருபது அடுக்குத் துணியை ஒன்றாக வைத்து, கனமான கத்தரியால். வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. காலையில் அரை மணி நேரம் வெந்நீரில் வைத்தால்தான் மடங்கும். தாவுகிற பட்டன் அந்த விரலுக்குக் கீழே இருக்கிறது. கண் காகத்தைப் பார்த்துவிடுகிறது, விரல்தான் எழுந்து வரத் தாமதிக்கிறது.

நீ சொன்ன பதிவில் ஆடுகிறவளுக்கு இருபத்துநாலு வயசு. எனக்கு நாற்பத்தொன்று. அவளிடம் நானும் தோற்றேன் புள்ளி. உன் வீட்டில் குடியிருக்கிறவள்மேல் உனக்கு மட்டும்தான் பொறாமையா என்ன!

ஏன் பொய் சொன்னேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். நீ வரைகிறாய், அவனோடு சாப்பிடுகிறாய், அவன் தும்மினால் உனக்குக் கேட்கிறது. எனக்கு மிச்சம் இருந்தது அந்த அளவு ஒன்றுதான். 'அக்காவால் முடியும்' என்பது. அதையும் விட்டுவிட்டால் அவனுடைய வேலையில் எனக்கு என்ன இருக்கிறது? அந்த ஒரு வரியை எழுதியபோது அது அவனுடைய கழுத்தைப் பிடிக்கும் என்று நினைக்கவே இல்லை. நான் சொல்வதை இன்னமும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இதோடு ஒரு கிராஃப் தாள் வைத்திருக்கிறேன். நாலாவது ஸ்டேஜை வரைந்து, செத்த இடத்தில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். எண்ணிப் பார். நாற்பத்தொரு குறி ஒரே பலகையில். என் விரல் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பலகையில் காகம் திரைக்குள் வருவதற்கு முன்பே பலகை உடைய ஆரம்பித்துவிடுகிறது, எப்போது தாவுவது என்று பார்க்க நேரமே இல்லை. பழைய வேகத்தை வைத்துப் போட்ட கணக்கில் அவள் எப்படியும் தாண்டிவிடுவாள், அதனால் உன் கணவனுக்கு அந்தத் தப்பு தெரியவில்லை. இது என் உண்மையான கருத்து. முதல் கடிதத்தில் எழுதியது எல்லாம் வயிற்றெரிச்சல். மூட்டம் அழகாக இருக்கிறது என்றது மட்டும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவனுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன். நீ அந்த அறையிலேயே இரு.

அக்கா


மே 3

அன்புள்ள அக்கா,

திருத்திய பதிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. ஏப்ரல் இருபத்தொன்பது, ஒரு நாள் மிச்சம் வைத்து. நிறுவனமும் சரி என்று சொல்லிவிட்டது.

அந்த ஞாயிறு நான் அறையிலேயே இருந்தேன். நீங்கள் செத்த கணக்கை இருபது, நாற்பது, அறுபது என்று சொன்னதும், தாள் அனுப்பியதைச் சொன்னதும் எனக்கே கேட்டது. அவர் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். "அக்கா, கை ரொம்ப வலிக்குதா?" அதைக் கேட்டதும் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அவரும் போனை மேசையில் வைத்தார். பிறகு என்னிடம், "உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தத் தாளைக் கொடு" என்றார்.

இப்போது அந்தத் தாள் அவர் மேசைக்கு நேர் எதிரே சுவரில் இருக்கிறது. நாற்பத்தொரு குறியையும் விரலால் தொட்டு எண்ணினார். "பலகைதான் தப்பு. அக்கா சரியாப் பிடிச்சிருக்கா" என்றார். அதிலும் உங்கள் பெருமைதான்! எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பழைய பதிவுகளை எடுத்துவைத்துவிட்டு, முன் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். அது உங்கள் இடம், எனக்குக் கால் வரவில்லை. "உக்காரு புள்ளி, நேரமில்லை" என்றார். உட்கார்ந்தேன். பின்னால் பேனா கோடு போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எவ்வளவு கொடுமையான சத்தம் என்று ஏன் நீங்கள் முன்பே சொல்லவில்லை? பலகையைத் திருத்திய பிறகு பதினோரு கோட்டில் தாண்டினேன். கை தட்டுவார் என்று பார்த்தால், "அக்கா பத்துல முடிச்சிருப்பா" என்றார். கன்ட்ரோலரை அவர்மேல் எறிந்தேன். படவில்லை.

புதிய பதிப்பு இதோடு வருகிறது. கடைசி வரை ஆடுங்கள் அக்கா. இந்த முறை பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

புள்ளி


மே 16

புள்ளிக்கு,

முடித்துவிட்டேன். நாலாவது ஸ்டேஜ் ஒன்பது கோடு. அவனிடம் ஒன்பது என்று சொல், பதினொன்று எடுத்த உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை அவனைத் திருப்பிச் சொல்லச் சொல். ஏழாவது ஸ்டேஜ் பதினான்கு. அது அநியாயம், திருத்தச் சொல். நான் நிஜமாகவே முடித்தேன் என்பதற்குச் சாட்சி கீழே.

கோபுரத்தின் உச்சியில் ஒரு கதவு. பின்னால் எல்லாம் இடிந்துகொண்டு வருகிறது. நான் கன்ட்ரோலரில் இருந்து கையை எடுத்துவிட்டேன், அவளாகவே நடந்து கதவுக்கு முன்னால் போய் நிற்கிறாள். நின்று, இரண்டு முறை துள்ளுகிறாள்.

"போ போ, கதவு மூடிடும்" என்று தனியாக இருக்கிற அறையில் நானே சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

பிறகு திரும்பவும் அந்த இடத்தைப் பார்க்க இன்னும் ஒரு முழு நாள் ஆடினேன். துள்ளும்போது இடது கால் கொஞ்சம் முந்துகிறது. நான் வரைந்தவளுக்கு இரண்டு காலும் ஒன்றாகத்தான் எழும், அதற்கு மேல் எனக்கு வரைய வரவில்லை. ஆனால் என் மனசில் அவள் இடது கால் முந்தித்தான் துள்ளுவாள், நான் துள்ளுவதும் அப்படித்தான். இதை நீ எங்கே பார்த்தாய்? உன் கல்யாணத்தன்று மழைத் தண்ணீரைத் தாண்டினேனே, அப்போதா? என்மேல் அவ்வளவு பொறாமையை வைத்துக்கொண்டு இதை எப்படி இவ்வளவு நன்றாக வரைந்தாய்? உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அவளைக் குழியில் தள்ளியிருப்பேன்.

கதவுக்குள்ளே இருக்கிற அறையையும் பார்த்தேன். ஜன்னல், மேசை, பழைய டிவி, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு நாற்காலி. முன்னது எனக்கு, பின்னது அவனுக்கு. பின் நாற்காலியில் நோட்டுப் புத்தகம்கூட வைத்திருக்கிறாய். ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் என்ன குறை என்று தெரிந்தது. அந்த அறையில் உனக்கு உட்கார இடம் இல்லை. ஒன்றரை வருஷம் வரைந்துவிட்டுக் கடைசியில் நீ வெளியே நிற்கிறாய்.

இதுதான் இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு இருக்கிற பெரிய குறை. அடுத்த பதிப்பில் திருத்து. இன்னொரு நாற்காலி போடு, எனக்குப் பக்கத்தில். இன்னமும் எனக்கு உன்மேல் பொறாமைதான், அது எங்கேயும் போய்விடவில்லை. அடுத்த மாதம் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். வந்ததும் முன் நாற்காலியில் நீ உட்கார், நான் பின்னால் இருந்து கோடு போடுகிறேன். எனக்கும் அந்தச் சத்தத்தை யாருக்காவது கொடுக்க வேண்டும்.

உன்
அக்கா